மிட்செல் சொன்னதும், சொன்ன விதமும்

கேள்வி: ஹவாயில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கும் என்று 1924-லேயே எழுதியவர் அமெரிக்க விமானப் படைத் தளபதி பில்லி மிட்செல். உண்மையைச் சொன்ன ஒரே குற்றத்துக்காக அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டித்தது அநியாயம்தானே?

பதில்: அவர் மீதான குற்றச்சாட்டு என்ன என்று பார்த்தீர்களா? கட்டுப்பாட்டை மீறியது. 1925 செப்டம்பரில் ஷெனண்டோவா என்ற கடற்படை ஆகாயக் கப்பல் (வாயு நிரப்பிப் பறக்கவிடும் ராட்சத பலூன் மாதிரி) ஒஹாயோவில் புயலில் சிக்கி உடைந்து 14 பேர் இறந்தார்கள். உடனே, ஏற்கெனவே பிரிகேடியர் ஜெனரலிலிருந்து கர்னலாக இறங்கி டெக்சாஸில் உட்கார்ந்திருந்த இந்த மனிதர் பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்து, ராணுவ, கடற்படை மேலிடத்தின் நிர்வாகம் கிட்டத்தட்ட தேசத்துரோகம் என்றார். சீருடையோடு இப்படிப் பேசினால் எந்த ராணுவம் சும்மா விடும்? விசாரணை வரும் என்று தெரிந்தேதான் பேசினார், வரட்டும் என்றும் இருந்தார். ஐந்து வருட இடைநீக்கம் என்று தீர்ப்பு வந்ததும் 1926-ல் ராஜினாமா.

திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. 36 வயதில் சொந்தப் பணம் கட்டி விமானம் ஓட்டக் கற்றவர், இரண்டே வருடத்தில், 1918-ல், முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் நடந்த செயின்ட் மியேல் போரில் நேச நாடுகளின் ஏறக்குறைய 1,500 விமானங்களை ஒருங்கிணைத்து நடத்தினார். அதுவரை யாரும் அவ்வளவு பெரிய விமானத் திரளை ஒரே போரில் இறக்கியதில்லை. அப்புறம் 1921 ஜூலையில், விமானத்தால் போர்க்கப்பலை அழிக்க முடியும் என்று நிரூபிக்க, தோற்ற ஜெர்மனி ஒப்படைத்த ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட் போர்க்கப்பலைக் குண்டு போட்டு மூழ்கடித்துக் காட்டினார். ஆனால் அந்தக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஆளில்லை, திருப்பிச் சுட பீரங்கியில்லை, ஓட்டையை அடைக்கக்கூட ஒருவர் இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு சேதத்தைப் பார்க்க வேண்டும் என்று கடற்படை கேட்டதையும் அவர் லட்சியம் செய்யவில்லை.

சரி, தீர்க்கதரிசனத்துக்கு வருவோம். பேர்ல் ஹார்பர் என்று இடத்தையும், காலை வேளை என்று நேரத்தையும் சொன்னார், அது பெரிய விஷயம்தான். ஆனால் ஜப்பான்காரர்கள் ஹவாயின் நீஹாவ் தீவைப் பிடித்து அங்கே விமானங்களை இறக்குவார்கள் என்றுதான் கணித்தார். விமானந்தாங்கிக் கப்பல் மேல் அவருக்கு நம்பிக்கையே கிடையாது. 1941-ல் ஜப்பான் நிஜமாகவே பேர்ல் ஹார்பரைத் தாக்கியபோது வந்ததோ ஆறு விமானந்தாங்கிக் கப்பல்கள்!

அவர் 1936-லேயே காலமாகிவிட்டார். பிறகு அவர் பெயரையே பி-25 குண்டுவீச்சு விமானத்துக்கு வைத்தார்கள். 1942 ஏப்ரலில் அந்த மிட்செல் விமானங்களில் பதினாறு, ஜப்பான் மீது குண்டு போடக் கிளம்பின, ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து.