15,000 ரூபாய்க்குள் போர்ட்ரெய்ட் லைட்டிங்: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: என்னிடம் கேனன் 200டி மார்க் 2 கேமராவும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று அக்கம்பக்கத்தில் வீட்டுக்கே வந்து போட்டோ எடுத்துத் தரச் சொல்கிறார்கள். லைட்டுக்கு 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ரிங் லைட் போதும் என்கிறார் ஒருவர். நான்கு பல்பு மாட்டும் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) செட் வாங்கு என்கிறார் இன்னொருவர். ஸ்டுடியோ வைத்திருந்த மாமாவிடம் இரண்டு ஸ்டாண்ட், ஒரு குடை, ஒரு பழைய ஃபிளாஷ் சும்மா கிடக்கின்றன. அவை உதவுமா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஒரே ஒரு மேனுவல் ஃபிளாஷ், அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து அடிக்க ஒரு ட்ரிக்கர், ஒரு வெள்ளைக் குடை. இவ்வளவுதான் உங்களுக்கு வேண்டும். ரிங் லைட், பல்பு செட் இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். போர்ட்ரெய்ட்டுக்கு அதைவிட முக்கியமான கேள்வி, லைட் எவ்வளவு பெரியது, முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. இதைக் காசில்லாமல் பார்க்கலாம். வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் யாரையாவது பக்கவாட்டாக உட்கார வையுங்கள். மூக்கின் நிழலை மட்டும் பாருங்கள். அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கன்னத்தில் கரைந்திருக்கும். அவரை அப்படியே பத்தடி உள்ளே நகர்த்துங்கள். நிழலின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். ஜன்னல் அதேதான், ஆனால் முகத்திலிருந்து பார்க்கும்போது சின்னதாகிவிட்டது. குடையும் சாஃப்ட்பாக்ஸும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. 33 இஞ்ச் குடையை மூன்றடியில் வைத்தால் ஜன்னல் மாதிரி. அதையே பன்னிரண்டு அடியில் வைத்தால் வெறும் பல்பு மாதிரி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைவதும் சேர்ந்துகொள்ளும்.

ரிங் லைட்டின் சிக்கல் இதிலிருந்தே புரியும். லென்ஸைச் சுற்றி நேர் எதிரே நிற்பதால் முகத்தில் நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் மூக்குக்கும் தாடைக்கும் வடிவமும் இருக்காது. மேக்கப் வீடியோவுக்கு அது வசதி, போர்ட்ரெய்ட்டுக்கு இழப்பு. கண்ணில் தெரியும் அந்த வட்டமும் நாலு படத்தில் சலித்துவிடும்.

பல்பு சாஃப்ட்பாக்ஸ் மோசமானதில்லை. வெளிச்சம் எப்படி விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் விலை குறைந்த செட்டுகளில் வெளிச்சம் போதாது. லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/60 வினாடி, ஐஎஸ்ஓ (கேமராவின் வெளிச்ச உணர்திறன்) 800 என்று இறங்கினால்தான் படம் வரும். 1/60-ல் ஒரு வயதுக் குழந்தை கையை ஆட்டினால் கை கலங்கிப்போகும். ஃபிளாஷ் குறைந்த பவரில் எரியும் நேரம் ஐயாயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு. குழந்தை குதித்தாலும் உறைந்து நிற்கும். விசேஷ வீட்டில் நான்கு பல்புகளைத் தூக்கிக்கொண்டு அலைவதும், வயர் இழுப்பதும், யாராவது தடுக்கி விழுவதும் தனிக் கதை.

சரி, எந்த ஃபிளாஷ்? உங்கள் பட்ஜெட்டில் கோடாக்ஸ் டிடி600 நல்ல தேர்வு. வயர்லெஸ் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. டிடிஎல் (பவரைத் தானே கணக்கிடும் வசதி) கிடையாது, பவரை நீங்கள்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு அது குறையே இல்லை.

இங்கே உங்கள் கேமராவுக்கே உரிய ஒரு விஷயம். ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுவில் வழக்கமாக ஒரு பெரிய உலோகப் புள்ளி இருக்கும். கேனன் 200டி மார்க் 2, 1500டி, 3000டி கேமராக்களில் அந்த நடுப்புள்ளி கிடையாது. ஒற்றைப் பின் உள்ள டிடி600-ஐ நேராக மேலே மாட்டினால் அடிக்காது. பலர் இது தெரியாமல், ஃபிளாஷ் பழுது என்று கடையில் சண்டை போடுகிறார்கள். விலை குறைந்த ஒற்றைப் பின் ட்ரிக்கர்களுக்கும் இதே கதிதான். கேனனுக்கான கோடாக்ஸ் எக்ஸ்2டி-சி ட்ரிக்கர் இந்தக் கேமராக்களில் வேலை செய்யும். அதைக் கேமராவில் மாட்டி, ஃபிளாஷைத் தள்ளி வைத்து அடியுங்கள். பழைய ஸ்டாக்காக இருந்தால் அதன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளிருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டிவரலாம். அதனால் கேமராவைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும். ஃபிளாஷும் ட்ரிக்கரும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியை ஊடுருவ விடும் வெள்ளைக் குடை சில நூறு ரூபாய். ஃபிளாஷையும் குடையையும் ஸ்டாண்டில் பிடித்து நிறுத்த ஒரு பிராக்கெட் வேண்டும். எஸ் டைப் பிராக்கெட் கேட்டு வாங்குங்கள், நாளைக்கு போவன்ஸ் மவுண்ட் (ஸ்டுடியோ லைட்டுகளில் பரவலாக உள்ள மாட்டும் வளையம்) சாஃப்ட்பாக்ஸை அதிலேயே மாட்டலாம். ரீசார்ஜ் செய்யும் டபுள் ஏ பேட்டரி எட்டும் ஒரு நல்ல சார்ஜரும் கட்டாயம். ஃபிளாஷுக்கு நான்கு, பாக்கெட்டில் நான்கு. ட்ரிக்கருக்கு இரண்டு சாதா பேட்டரி தனி.

மாமாவின் ஸ்டாண்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். குடையும் உதவும், அதன் கம்பி புது பிராக்கெட்டின் துளைக்குள் நுழைகிறதா என்று மட்டும் பாருங்கள். உள்பக்கம் வெள்ளி பூசியதென்றால் வெளிச்சம் கொஞ்சம் கடுமையாக இருக்கும், எண்ணெய்ப் பசை முகத்தில் பளபளப்பைக் கூட்டும். அதனால்தான் வெள்ளைக் குடை தனியாக வாங்கச் சொன்னேன். பழைய ஃபிளாஷை மட்டும் கேமராவில் மாட்டவே மாட்டாதீர்கள். ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில் ட்ரிக்கர் வோல்டேஜ், அதாவது கேமராவின் தொடுபுள்ளிக்கு வரும் மின்னழுத்தம், 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். டிஜிட்டல் கேமராவின் சர்க்யூட் அதில் போய்விட வாய்ப்பு உண்டு.

முதல் நாள் இப்படித் தொடங்குங்கள். கேமரா மேனுவலில், ஐஎஸ்ஓ 200, எஃப் 4, 1/160. ஃபிளாஷை அணைத்து ஒரு படம். வீட்டு டியூப் லைட் எரிந்தாலும் படம் கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் டியூப் லைட்டின் பச்சை சாயல் உங்கள் படத்துக்குள் நுழையவில்லை என்று அர்த்தம். இப்போது குடையை முகத்திலிருந்து மூன்றடியில், ஒரு பக்கமாக 45 டிகிரியில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஃபிளாஷ் 1/32 பவர். அடித்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். பின்னணி வெளிச்சம் இன்னும் வேண்டுமென்றால் ஷட்டரைக் குறையுங்கள், 1/60 வரை இறங்கலாம். முகத்து வெளிச்சம் மாறாது, அறை மட்டும் தெளியும். ஷட்டர் 1/200-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும், பயப்பட வேண்டாம்.

மறுபக்கக் கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால் இரண்டாவது ஃபிளாஷ் வாங்க ஓடாதீர்கள். ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வாங்கி, அந்தப் பக்கம் இரண்டடியில் பிடிக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சுவர்களுக்கும் அது பதில் சொல்லும். பச்சை, ரோஸ், ஊதா என்று பெயின்ட் அடித்த சுவருக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தினால், சுவரில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து கன்னத்தில் பச்சை பூசிவிடும். இடையில் வெள்ளை அட்டை நின்றால் அந்தச் சாயல் மறையும்.

தோல் நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்பும்தான். லைட் வந்த உற்சாகத்தில் பவரை ஏற்றி முகத்தை வெளுப்பாக்கும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். கறுத்த தோலின் அழகு அதில் விழும் மினுமினுப்பில் இருக்கிறது. பெரிய வெள்ளைக் குடை பக்கவாட்டில், கிட்டத்தில் இருந்தால் கன்ன எலும்பில் ஒரு நீண்ட மென்மையான ஒளிக்கோடு விழும். சின்ன லைட் என்றால் அதற்குப் பதிலாக நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளிகள். படம் எடுக்கும் முன் முகத்தைக் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஆளைக் கண்ணால் பார்க்கும் நிறம் படத்தில் வரும்வரை பவரைத் திருத்துங்கள். பட்டுப்புடவை ஜரிகையும் நகையும் வெளுத்துப்போகவில்லையா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பவர் அதிகமா என்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், மண்டபத்து ஃபேனும் ஓடி விளையாடும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் குடை மாட்டிய ஸ்டாண்ட் ஒரு பாய்மரம். அதன் கீழ்க்காலில் மணல் நிரப்பிய துணிப்பையையோ ஐந்து லிட்டர் தண்ணீர் கேனையோ கட்டாமல் ஃபிளாஷை ஏற்றவே கூடாது. கீழே விழுந்தால் ஃபிளாஷ் மட்டும் உடையாது, பக்கத்தில் குழந்தையும் இருக்கும்.

வீடியோவும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் என் பதில் மாறும். அப்போது ஃபிளாஷ் பயன்படாது. போவன்ஸ் மவுண்ட் உள்ள 60 வாட்ஸ் எல்.இ.டி. லைட் ஒன்றைப் பாருங்கள், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 95-க்கு மேல் இருக்கட்டும். அதற்குப் பணம் சேரும் வரை மாமாவின் இரண்டாவது ஸ்டாண்டில் தெர்மாகோல் அட்டையை கிளிப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், பிடிக்க ஆள் தேட வேண்டியிருக்காது.