கிண்டியா, குரோம்பேட்டையா?

கேள்வி: மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பொறியியல் கவுன்சலிங்குக்குக் காத்திருக்கிறாள். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி), ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) ஒரு தனியார் கல்லூரி என மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எல்லாமே அண்ணா பல்கலைக்கழகம்தானே, இதில் எது நம்பர் ஒன்?
- ஒரு தந்தை, பெரம்பூர்

பதில்: 'எல்லாமே அண்ணா பல்கலைக்கழகம்தானே' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தனியார் கல்லூரி விளம்பரங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்! கிண்டி, ஏ.சி.டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்துத்தான் 1978இல் அந்தப் பல்கலைக்கழகமே உருவானது. அவை அதன் சொந்த வளாகங்கள். நீங்கள் சொல்லும் ஓ.எம்.ஆர். கல்லூரி அதனிடம் இணைப்பு பெற்றது, அவ்வளவே. சான்றிதழில் முத்திரை ஒன்றுதான். ஆசிரியர், ஆய்வுக்கூடம், பக்கத்து பெஞ்சில் உட்காரும் மாணவர் எல்லாம் வேறு. (இணைப்புக் கல்லூரி என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. காலவாக்கம் எஸ்.எஸ்.என்.னில் நல்ல கட்-ஆஃப் வைத்திருப்பவர்களே விரும்பிச் சேர்கிறார்கள்.)

கிண்டியா, எம்.ஐ.டி.யா என்பதற்கு மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் விடை கிடைக்காது. அது அண்ணா பல்கலைக்கழகத்தை மொத்தமாக ஒரே நிறுவனமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பழம்பெருமை கிண்டிக்கு. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த பெருமை 1949இல் பிறந்த எம்.ஐ.டி.க்கு. ஆனால் அவர்கள் இருவரும் பி.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே போனவர்கள். பிளஸ் டூ முடித்துப் போகும் பெண்ணுக்கு அதை வைத்து என்ன முடிவு செய்வது?

உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மகள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. கட்-ஆஃப் எவ்வளவு என்றும் இல்லை. விமானப் பொறியியல் என்றால் எம்.ஐ.டி. சிவில், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (புவித் தகவலியல்) என்றால் கிண்டி. கெமிக்கல், தோல் தொழில்நுட்பம் என்றால் உங்கள் பட்டியலிலேயே இல்லாத ஏ.சி.டெக். அதுவும் கிண்டி வளாகத்துக்குள்ளேதான் இருக்கிறது, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிண்டியிலும் உண்டு, எம்.ஐ.டி.யிலும் உண்டு, எது கிடைத்தாலும் யோசிக்காமல் சேருங்கள். வீட்டிலிருந்தே போய்வருவதென்றால், பூங்கா நிலையத்தில் தாம்பரம் ரயில் ஏறினால் குரோம்பேட்டையில் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இறங்கலாம்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. கவுன்சலிங்கில் எத்தனை விருப்பங்களை வேண்டுமானாலும் வரிசையாகப் பதியலாம். வரிசையை மகளே போடட்டும். ஓ.எம்.ஆர். கல்லூரியையும் சேர்ப்பதாக இருந்தால், பேனரில் கொட்டை எழுத்தில் இருக்கும் 'அதிகபட்சச் சம்பளம்' பக்கம் போகாதீர்கள். அது யாரோ ஒரு மாணவருடையது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக அவர்களே அனுப்பிய விவரத்தைக் கல்லூரி இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பள வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும்.