ஸ்டேரிங்கைத் தானே திருப்பும் கருவி: மைவியில் பொருத்தலாமா?

பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

"ஐயா, வணக்கம். பயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எனக்கு இரவு ஷிப்ட். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து பினாங்குப் பாலம் வழியாக வீடு திரும்பும்போது கண் சொருகுகிறது. என் காடி 2022 பெரோடுவா மைவி கார், ஏவி ரகம். முன்னே போகும் காடியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் அதிலேயே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், வெளியிலிருந்து ஒரு கருவி மாட்டினால் ஸ்டேரிங் தானே திரும்பும், கையை எடுத்துவிடலாம், நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்கிறார். இது பாதுகாப்பானதா? ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்குமா? காப்புறுதிக்குப் பிரச்சினை வருமா? போன வருடம் கல் பட்டு முன் கண்ணாடி மாற்றினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்."

நேராகவே சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. தூக்கத்தைச் சமாளிக்கத்தான் இந்தக் கருவி என்றால் வாங்காதீர்கள். ஏன் என்று விளக்குகிறேன்.

ஓட்டுநருக்கு உதவும் கருவிகள் எல்லாவற்றையும் கடைகளில் 'ஏடாஸ்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு சாதி. ஒன்று, கத்தும் கருவி. டேஷ்கேமோடு வரும் முன்மோதல் எச்சரிக்கை, கோடு தாண்டினால் பீப் சத்தம், பின் பம்பரில் பொருத்தும் ரேடார் எல்லாம் இந்த வகை. அது தவறினால் சும்மா இருக்கும், இல்லையென்றால் தேவையில்லாமல் கத்தும். கார் உங்கள் கையில்தான் இருக்கும். மற்றொன்று, காரின் மேல் கைவைக்கும் கருவி. அது தவறினால் காரும் சேர்ந்து தவறும். உங்களிடம் விற்கப் பார்ப்பது இரண்டாவது வகை.

அது எப்படி வேலை செய்கிறது? உங்கள் மைவியில் நடுவில் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண் உள்ள கேமரா இருக்கிறது. அந்தக் கேமரா, பிரேக், மின்சார ஸ்டேரிங் மோட்டார் எல்லாம் ஒன்றோடு ஒன்று முறுக்கிய இரண்டு மெல்லிய கம்பிகள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. கேன் பஸ் என்பார்கள். வெளிக் கருவி பெரும்பாலும் அந்தக் கேமராவின் சாக்கெட்டில் நடுவில் புகுந்துகொள்ளும். கம்பெனிக் கேமரா சொல்வதை இடைமறித்து, தன் சொந்தக் கட்டளையை ஸ்டேரிங்குக்கு அனுப்பும். புதிதாக மோட்டார் எதுவும் பொருத்துவதில்லை. இருக்கிற மோட்டாரை வேறொருவர் ஓட்டுகிறார், அவ்வளவுதான். ஸ்டேரிங்கை எவ்வளவு பலத்தோடு திருப்பலாம் என்ற வரம்பு கார் கம்பெனி வைத்ததுதான். அதனால் நேர்ச் சாலையில் அழகாகப் போகும் கார், பாலத்துக்கு ஏறும் வளைவில் போதுமான அளவு திரும்பாமல் வெளிப்பக்கம் தள்ளும். அங்கே உங்கள் கை ஸ்டேரிங்கில் இருந்தே ஆக வேண்டும்.

பொருத்தும் வேலையின் தரமும் பெரிய விஷயம். ஒருமுறை என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. மழை பெய்தால் போதும், டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஸ்டேரிங், பிரேக் விளக்கு எல்லாம் ஒன்றாக எரியும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டேரிங்குக்குக் கீழே இருக்கும், பழுது கண்டறியும் ஓபிடி சாக்கெட்டில் ஆறாம் பின்னுக்கும் பதினான்காம் பின்னுக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். கேன் பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் சேர்ந்து மீட்டரில் 60 ஓம் காட்ட வேண்டும். அன்று 40 காட்டியது. அப்படியென்றால் எங்கோ மூன்றாவதாக ஒரு 120 ஓம் நுழைந்திருக்கிறது. தேடிப் பார்த்தால், முன் கண்ணாடியின் ஓரத் தூணான ஏ பில்லரின் பிளாஸ்டிக்குக்கு உள்ளே யாரோ சேர்த்த ஒரு சின்னப் பெட்டி. கம்பியைத் தோல் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது செம்பு பச்சை பூத்திருந்தது. அந்தக் காரில் குழந்தை சீட்டும் இருந்தது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஆனால் வெளிக் கருவிகள் எல்லாமே குப்பை என்று சொன்னால் அது நியாயமல்ல. இந்த வகையில் பலவற்றுக்கு அடிப்படை ஓப்பன்பைலட் என்ற மென்பொருள். காம்மா என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஜார்ஜ் ஹாட்ஸ் 2016இல் இப்படி ஒரு கருவியை விற்கத் தயாரானார். அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு ஆணையமான நிட்சா, இது பாதுகாப்பானது என்பதற்கு விவரம் தரச் சொல்லி அக்டோபரில் கடிதம் அனுப்பியது. அவர் விற்பனையைக் கைவிட்டார். அடுத்த மாதமே மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிட்டுவிட்டார். அதன் எழுதிவைத்த விதிகள் நல்ல விதிகள்தான். பிரேக்கை மிதித்தால் உடனே கட்டுப்பாடு ஓட்டுநரிடம் வர வேண்டும். ஓட்டுநர் சுதாரிக்க முடியாத வேகத்தில் கார் திசை மாறக்கூடாது. ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் கேமராவும் உண்டு. சிக்கல் என்னவென்றால், திறந்த மென்பொருளை யாரும் திருத்தலாம். முகக் கேமராவின் தொல்லையைக் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் கடைசிப் பாதுகாப்பைக் கழற்றித் தருகிறார் என்று அர்த்தம். ஸ்டேரிங்கில் மாட்டும் எடைக் கட்டியும் அதே கதைதான். கை இருப்பதாகக் காரை ஏமாற்றும் அந்தப் பொருளை 2018இல் நிட்சா நிறுத்தச் சொன்னது.

இப்போது உங்கள் பாதைக்கு வருவோம். காலை ஏழரைக்குத் தீவிலிருந்து பிறைக்கு வருகிறீர்கள் என்றால் கிழக்கு நோக்கி ஓட்டுகிறீர்கள். சூரியன் நேராகக் கண்ணாடியில் அடிக்கும். உங்கள் கண் கூசும் அதே நொடியில் கேமராவின் கண்ணும் கூசும். தாழ்ந்த வெயில், கொட்டும் மழை, அழிந்த கோடு, சாலை வேலைக்கு வைத்த கூம்புகள், டோல் சாவடி, திடீரென்று குறுக்கே வெட்டி வரும் மோட்டார் சைக்கிள், இத்தனையும் இந்தக் கருவிகள் தடுமாறும் இடங்கள். நம் நாட்டில் சாலையில் சாகிறவர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பாலத்தில் அவர்களுக்கு இடது ஓரத்தில் தனி வழி இருந்தாலும், அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் உங்கள் பக்கத்தில்தான் வருவார்கள்.

இப்படிப்பட்ட கருவிகள் தானியங்கி ஓட்டுதலில் இரண்டாம் நிலையைச் சேர்ந்தவை. கார் திருப்பும், பிரேக் போடும், நீங்கள் ஒரு நொடி விடாமல் மேற்பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த நிலை. தூக்கம் வரும் ஒருவருக்கு இதைவிடக் கொடுமையான வேலை கிடையாது. கையில் வேலை இருந்தால் மூளை கொஞ்சமாவது விழித்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சொன்னால் இரண்டே நிமிடத்தில் உறங்கிவிடும். இன்றைக்குக் கண் சொருகினால் கார் கோட்டைத் தொடும், நீங்கள் திடுக்கிட்டு விழிப்பீர்கள். கருவி மாட்டிய பிறகு கோட்டைத் தொடாது, நீங்களும் விழிக்கமாட்டீர்கள், அது தடுமாறும் இடம் வரும்வரை.

சட்டத்தைப் பொறுத்தவரை, சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் 41, 42, 43ஆம் பிரிவுகள் மரணம் விளைவித்தல், அபாயமாக ஓட்டுதல், கவனமின்றி ஓட்டுதல் பற்றியவை. மூன்றும் ஓட்டுநரைத்தான் பிடிக்கும். "கருவிதான் திருப்பியது" என்பது உங்களைக் காப்பாற்றாது. கார் கம்பெனியின் சொந்த வசதிக்குத் தனி அளவுகோல் உண்டு. மலேசியா 2006இல் சேர்ந்த 1958 ஐ.நா. வாகன ஒப்பந்தத்தின்கீழ் வரும் 79ஆம் விதிப்படி, கோட்டுக்குள் ஓட்டும் வசதி உள்ள காரில் கையை எடுத்து 15 வினாடி ஆனால் எச்சரிக்கை வர வேண்டும். 2024 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 171ஆம் விதி, ஓட்டுநரின் கவனத்தைக் கார் தொடர்ந்து சோதிக்க வேண்டும் என்கிறது. ஆக, முறையாகச் சோதித்து விற்கும் காரே கவனத்தை எடுக்காதே என்று நச்சரிக்கிறது. கையை எடுக்கலாம் என்று சொல்லி விற்கிறவரிடம், உங்கள் மாடல் மைவிக்கு ஜேபிஜே அனுமதி இருந்தால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். வைஃபை, ரேடார் உள்ள பொருள் என்றால் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரையையும் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

காப்புறுதி சுருக்கமாக: மாட்டுவதற்கு முன்பே முகவருக்குச் செய்தி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். மாற்றம் செய்ததை மறைத்தால் உங்கள் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டில் தகராறு வரலாம். கார் உத்தரவாதம் இன்னும் இருந்தால் சர்வீஸ் சென்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தூக்கம். உங்கள் தொழிற்சாலையில் ஊழியர் பஸ் இருந்தால் இரவு ஷிப்ட் வாரங்களில் அதில் போய் வாருங்கள். இல்லையென்றால் கார் நிறுத்துமிடத்திலேயே ஒரு கோப்பி குடித்துவிட்டு, சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். எழும்போது கோப்பியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பாலத்தில் ஏறிய பிறகு நிறுத்தித் தூங்க முடியாது, முடிவை ஏறுவதற்கு முன்பே எடுங்கள். காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் கத்தும் வகையில் நல்ல டேஷ்கேம் ஒன்று போதும். அதைக் கம்பெனிக் கேமராவின் பார்வையை மறைக்காமல் பொருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த முன் கண்ணாடி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். இரண்டு கண் கேமரா தூரத்தை அளப்பது, இரண்டு கண்ணும் பார்க்கும் கோணத்தின் வித்தியாசத்தை வைத்து. கண்ணாடி மாறினால், கேமராவைக் கழற்றி மாட்டினால், கோணம் கொஞ்சம் நகர்ந்தாலும் அளவு தப்பும். அதனால் மாற்றியதும் காலிப்ரேஷன், அதாவது கேமராவின் அளவைச் சரிசெய்யும் வேலை, செய்ய வேண்டும். கேமராவின் பார்வைப் பகுதியில் டின்ட் ஒட்டியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். கண்ணாடி மாற்றிய ரசீதை எடுத்துப் பாருங்கள். காலிப்ரேஷன் என்ற வரி அதில் இல்லையென்றால், இந்த வாரமே பெரோடுவா சர்வீஸ் சென்டரில் நேரம் வாங்கிச் சரிபார்த்துவிடுங்கள். அதுவரை க்ரூஸ் கண்ட்ரோலைப் போடாதீர்கள்.