தண்ணீர் சிவப்பாக வருகிறது: பழுது கிணற்றிலா, குழாயிலா?

கேள்வி: வடக்கு உகாண்டாவில், லிராவுக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்கள் அறக்கட்டளை 6 வருடங்களுக்கு முன் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கைப்பம்பு பொருத்திக் கொடுத்தது. தண்ணீரை மேலே தள்ளும் சிலிண்டர் 36 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. முதல் வருடம் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. இப்போது செம்மண் கரைத்தது போல வருகிறது. துணியில் கறை, டீ கறுத்துப்போகிறது. பெண்கள் மறுபடியும் சதுப்பு ஊற்றுக்கே போகிறார்கள். இதை மூடிவிட்டு வேறு இடத்தில் கிணறு போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் வருடம் தெளிந்து வந்த தண்ணீர் பிறகு சிவந்தது என்றால், சந்தேகம் முதலில் குழாய் மேல்தான் விழ வேண்டும். அதே ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைப் புதுக் கிணற்றில் இறக்கினால் அங்கேயும் இதே கதைதான்.

உகாண்டாவில் 'யு2' என்று சொல்லும் பம்பு, நம் தெருமுனைகளில் நின்ற இந்தியா மார்க் 2 அடிபம்பின் வழிவந்தது. 1970களில் உருவான அந்த வடிவமைப்பைக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் சோதித்துப் பார்த்தார்கள். அருமையான பம்பு. ஆனால் அதன் ஜி.ஐ. பைப்பும், அதனுள் ஏறி இறங்கும் ராடும் அமிலத்தன்மை உள்ள நிலத்தடி நீரில் தாங்காது. பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6.5-க்குக் கீழே போனால் துத்தநாகப் பூச்சு கரைந்துவிடும், பிறகு இரும்பு அரிக்கும். பூச்சு தடிமனாக இருந்தால் கொஞ்ச காலம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். இதனால்தான் உகாண்டா அரசு 2016-இல் கைப்பம்புகளுக்கு ஜி.ஐ. பைப், ராடு போடுவதை நிறுத்தச் சொன்னது.

குழாயா, நிலமா என்பதை ஒரே காலையில் கண்டுபிடிக்கலாம். ஊர்த் தண்ணீர்க் குழுவிடம் சொல்லி, முதல் நாள் இரவு கைப்பிடியைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். 36 மீட்டர் பைப்பில் இரவு முழுக்க நிற்பது சுமார் 36 லிட்டர், அதாவது இரண்டு 20 லிட்டர் ஜெர்ரி கேனுக்குச் சற்றுக் குறைவு. விடிந்ததும் முதலில் வரும் தண்ணீரில் ஒரு மாதிரி எடுங்கள். பிறகு நிறுத்தாமல் அடித்து, 25 கேன் (500 லிட்டர்) போன பின் இரண்டாவது மாதிரி. அந்தத் தண்ணீர் வீணாக வேண்டியதில்லை. மாட்டுக்கும் துவைக்கவும் ஆகும்.

இரண்டிலும் இரும்பை அளவிடுங்கள். முதலாவதில் அதிகமாகவும் இரண்டாவதில் வெகுவாகக் குறைந்தும் இருந்தால் குற்றம் குழாயில். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நிலத்திலேயே இரும்பு இருக்கிறது. கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: கரைந்த இரும்பு பம்பிலிருந்து வரும்போது பளிங்கு போலத் தெரியும், காற்றுப்பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிவக்கும். பி.எச்.சை அங்கேயே, உடனே பாருங்கள். பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழியிலேயே கரியமிலவாயு வெளியேறி பி.எச். ஏறிவிடும். 6.0 இருந்த தண்ணீர் நல்ல தண்ணீராகச் சான்றிதழோடு திரும்பி வரும்.

குழாய்தான் என்று உறுதியானால் எல்லாவற்றையும் மேலே தூக்க வேண்டும். 3 மீட்டர் பைப் 12, ராடு 12. மொத்தம் 150 கிலோ தாண்டும். கிளாம்பு, பைப் வைஸ், பழகிய மெக்கானிக் மூன்றும் இல்லாமல் தொடாதீர்கள். மரையைத்தான் முதலில் பாருங்கள். பூச்சு அங்கேதான் மெல்லிசு. எலி கடித்தது போல அரித்திருக்கும். அந்த இடத்தில் முறிந்தால் முழுக் குழாயும் கிணற்றுக்குள் போய்விடும்.

மாற்றாக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304 ரகப் பைப்பும் ராடும் போடுங்கள். உப்பு அதிகமுள்ள தண்ணீர் என்றால் 316. எஸ்.எஸ்.சையும் ஜி.ஐ.யையும் கலந்து போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டும் தண்ணீருக்குள் ஒட்டி நின்றால் ஜி.ஐ. இன்னும் வேகமாக அரிக்கும். வார்ப்பிரும்பு சிலிண்டருக்கும் இதே கதி, அதையும் மாற்றுங்கள். மேலே உள்ள தலை, கைப்பிடி, சங்கிலி அப்படியே இருக்கலாம். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவது போதாது. மலிவான 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். எஸ்.எஸ். மரையை ஒன்றும் தடவாமல் முறுக்கினால் பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. குடிநீருக்கு ஏற்ற கிரீஸ் தடவி முறுக்குங்கள்.

இறக்கியதும் குளோரின். 125 மி.மீ. கேசிங்கில் (கிணற்றின் வெளிக்குழாய்) ஒரு மீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் நிற்கும். 25 மீட்டர் தண்ணீர் என்றால் 300 லிட்டர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் வேண்டும். 65 சதவீதக் குளோரின் தூளில் சுமார் 25 கிராம். ஒரு வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் வாடை போகும்வரை அடித்து வெளியேற்றுங்கள். பிறகு கைப்பிடியை 40 முறை அடித்தால் சுமார் 15 லிட்டர் வர வேண்டும். அரை மணி நேரம் விட்டு மறுபடி அடிக்கும்போது 5 முறை அடிப்பதற்குள் தண்ணீர் வராவிட்டால் ஃபுட் வால்வோ (அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் வால்வு) இணைப்போ ஒழுகுகிறது.

நிலத்திலேயே இரும்பு என்றால் காற்றூட்டி மணலில் வடிக்கும் தொட்டி வேண்டும். பி.எச். குறைவாக இருந்தால் இரும்பு மெதுவாகத்தான் படியும், எனவே மணலுக்கு முன் சுண்ணாம்புக்கல் படுகை அவசியம். மணலை வாரந்தோறும் கழுவ ஆள் இல்லாத ஊரில் இதைக் கட்டாதீர்கள்.

வேலை முடியும்வரை ஊருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரும்புச் சிவப்பு அருவருப்பு, ஆனால் ஆளைச் சாய்ப்பதில்லை. வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வருவது அந்தச் சதுப்பு ஊற்றிலிருந்துதான். பம்புத் தண்ணீரில் 100 மில்லிக்கு ஈ.கோலை (மலக் கிருமி) பூஜ்ஜியம் என்று சோதனையில் தெரிந்தால், இரவு படியவைத்து, காலையில் மேல்தண்ணீரை வடித்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஊற்றுத் தண்ணீர்தான் என்றால் கொதிக்கவைக்காமல் குழந்தைக்கு ஒரு வாய்கூட வேண்டாம்.

புதுப் பைப் போட்ட 3 மாதம் கழித்து, அதே விடியற்காலைச் சோதனையை மறுபடி செய்து, இரண்டு எண்களையும் தண்ணீர்க் குழுவின் நோட்டில் எழுதிவையுங்கள்.