பூசணிப் பூவும் எதிர்வீட்டு அக்காவும்

கேள்வி: மதுரையிலிருந்து ஓசூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் தெருவில் ஐந்து பேர் மாடித்தோட்டம் போட்டிருக்கிறோம். விடிகாலைப் பனியில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் ஃபிளாஸ்க் டீயோடு கூடுவோம். விதை, நாற்று எல்லாம் கைமாறும். எனக்குப் பூசணி விதை கொடுத்ததே எதிர்வீட்டு அக்காதான். மார்கழி பிறந்ததும், எங்கள் காம்பவுண்டுச் சுவரில் தொங்கும் கொடியிலிருந்து கோலத்துக்குப் பூப் பறிக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதுவரை ஐந்து பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. பொறுக்க முடியாமல், எல்லோர் முன்னாலும் “பூவைப் பறித்தால் காய் எங்கிருந்து வரும்?” என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் டீக்கு வருவதில்லை. பனியில்தான் பிஞ்சு கருகுகிறது என்கிறார் இன்னொரு தோழி. நான் கேட்டது தப்பா? கொடியை எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, ஓசூர்

பதில்: அன்புள்ள தோழி, அடுத்து உதிரும் பிஞ்சைக் கையில் எடுத்து அதன் நுனியைப் பாருங்கள். வாடிச் சுருங்கிய பூ அதில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பூவை யாருமே பறிக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மெல்லிய நீளக் காம்பில் தனியாக நிற்பது ஆண் பூ. அடியில் கோலிக்குண்டு போலச் சின்னப் பிஞ்சோடு, குட்டைக் காம்பில் இருப்பது பெண் பூ. ஒரு கொடியில் ஆண் பூக்கள்தான் மிக அதிகம். கோலத்துக்குப் பறிக்கிறவர்கள் எடுப்பதும் அதைத்தான். நீளக் காம்பு இருந்தால்தானே சாண உருண்டையில் செருக முடியும்!

அப்படியென்றால் பிஞ்சு ஏன் உதிர்கிறது? மகரந்தம் சேரவில்லை. பூசணிப் பூ விடியும்போது விரிந்து, உச்சிப்பொழுதுக்கு முன்பே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ஒரு காலைதான். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். ஆனால் உங்கள் ஊர் மார்கழிக் காலை எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறிக் கிடக்கும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், நீண்ட இரவில் தரை தன் சூட்டையெல்லாம் இழந்து குளிர்ந்துவிடும். காற்றும் அசையாமல் இருந்தால், தரையை ஒட்டிய ஈரக்காற்று பொடிப் பொடித் துளிகளாக மாறி அப்படியே நிற்கும். அதுதான் நீங்கள் டீ குடிக்கும்போது எதிர்வீட்டையே மறைக்கிற மூடுபனி. வெயில் ஏறித் தரை சுட ஆரம்பித்தால்தான் அது கலையும். அதுவரை தேனீ கூட்டைவிட்டுப் பெரிதாக வெளியே வராது. அது வந்து சேரும்போது பூ வாடத் தொடங்கியிருக்கும்.

அதனால் பனி பிஞ்சைக் கருக்குகிறது என்பதும் சரியில்லை. ஊட்டிப் பக்கம் விழுகிற உறைபனி வேறு. அது செடிக்குள் இருக்கும் நீரையே உறையவைத்து இலையைக் கருக்கும். உங்கள் மாடியில் இறங்குவது வெறும் நீர்த்துளி. அது செய்கிற கெடுதல் தேனீயைத் தாமதப்படுத்துவது. அப்புறம், இலையை வெகுநேரம் நனைத்தே வைத்திருப்பதால் அடிச்சாம்பல் நோய்க்கும் இடம் கொடுக்கும். இந்த நாட்களில் விடிகாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல், மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் வேரடியில் ஊற்றினால் போதும்.

தேனீ செய்யும் வேலையை நாமே செய்துவிடலாம். முந்தைய நாள் சாயங்காலம் கொடியைப் பாருங்கள். நுனி மஞ்சளாகி, விரியத் தயாராக இருக்கும் மொட்டுகள் தெரியும். பெண் மொட்டுக்கும் இரண்டு ஆண் மொட்டுகளுக்கும் காகிதக் கூம்பு ஒன்றைத் தளர்வாகக் கவிழ்த்துவிடுங்கள். மகரந்தம் பனியில் நனைந்தால் கட்டிப்பட்டுவிடும், அதற்காகத்தான். காலை ஏழு மணி வாக்கில் ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடியோடு நிற்கும் தண்டைப் பெண் பூவின் நடுக் குமிழில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். தடவிய பிறகு காகிதத்தை மறுபடி மூடிவிடலாம். நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்து, தலை கீழ்நோக்கித் தொங்கினால் பிடித்துவிட்டது.

இதற்கு ஆண் பூ வேண்டுமே! இந்த ஒரு இடத்தில் உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. விரிந்த ஆண் பூ அத்தனையையும் இருட்டோடு பறித்துவிட்டால், தேனீக்கும் மகரந்தம் இல்லை, உங்களுக்கும் இல்லை. அக்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மார்கழியில் சுவரில் தொங்கும் பூசணிப் பூவை எடுப்பதை நம் தெருக்களில் யாரும் திருட்டாக நினைத்ததில்லை. அதுவும், அவர் கொடுத்த விதை. தன் கொடி என்றே நினைத்திருப்பார்.

என் அம்மா வீட்டிலும் மார்கழியில் தெருப் பிள்ளைகள் பூவுக்கு வருவார்கள். அம்மா முந்தைய இரவே அரிக்கேன் விளக்கோடு போய், விட்டுவைக்க வேண்டிய பூக்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவார். நூல் கட்டாததை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு பிள்ளைகூட நூல் கட்டிய பூவைத் தொட்டதில்லை. சொல்லிக்கொண்டு வந்ததும் இல்லை, சண்டை வந்ததும் இல்லை.

நீங்கள் கேட்டது தப்பா என்கிறீர்கள். கேட்டதில் தப்பில்லை, நான்கு பேர் நடுவில் கேட்டதுதான் அவரைச் சுட்டிருக்கும். பூ எடுத்தவர் என்று பெயர் வாங்குவது, உங்களைவிட வயதில் மூத்தவருக்கு எளிதில் ஆறாது. வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடாதீர்கள். அவர் எப்படியும் இருட்டில் வாசல் தெளிக்க வருவார். நாளைக்கு அந்த நேரத்தில் நீங்களே மூன்று ஆண் பூக்களைப் பறித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போங்கள். “அக்கா, விஷயம் தெரியாமல் உங்களைச் சொல்லிவிட்டேன். பிஞ்சு உதிர்ந்ததற்குக் காரணம் தேனீ வராததுதான்” என்று சொல்லுங்கள். எல்லோர் முன்னால் குறை சொன்னதால், இந்த விஷயத்தை டீ நேரத்தில் மற்ற மூவரிடமும் சொல்லிவிடுங்கள். அது அவருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி.

அவர் உடனே சிரித்துவிடுவார் என்று சொல்ல மாட்டேன். ஓரிரு நாள் முறைப்பாகவே இருக்கட்டும். மகரந்தம் தடவ ஒருவர் காகிதத்தை விலக்கிப் பிடித்தால் வேலை சுலபம். அதற்கு அவரையே கூப்பிடுங்கள். இப்போது பிடிக்கிற காய் பொங்கலுக்கு முற்றாது. குழம்புக்கு வேண்டுமானால் இளசாக ஒன்றைப் பறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாசி வரை கொடியிலேயே விடுங்கள். காம்பு காய்ந்து மரம் போல இறுகியதும் அறுத்து, பாதிக் காயையும் பாதி விதையையும் எதிர்வீட்டுக்கு அனுப்புங்கள்.