சீக்கிரம் பழுக்கும் பழைய செர்ரி ரகம் வடசென்னையில் காய்க்குமா?

கேள்வி: லண்டனில் என் அத்தை வீட்டுத் தோட்டத்தில் 'ஏர்லி ரிவர்ஸ்' என்கிற பழைய செர்ரி மரம் இருக்கிறது. மற்ற செர்ரிகள் ஜூலையில் பழுக்கும்போது இது ஜூன் நடுவிலேயே பழுத்துவிடுகிறதாம். இவ்வளவு சீக்கிரம் பழுக்கும் ரகம் என்றால் நம் ஊரிலும் வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் காய்த்து முடித்துவிடாதா? ஒரு குச்சி கொண்டுவந்து திருவொற்றியூர் வீட்டில் வளர்க்கலாமா?

பதில்:

காய்க்காது. கன்றை எப்படியாவது உயிரோடு வைத்திருக்கலாம், ஆனால் பழம் பார்க்க முடியாது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். இதே எண்ணத்தில் இணையத்தில் செர்ரிக் கன்று வாங்கிப் பணத்தை விட்டவர்கள் எங்கள் கொடுங்கையூர் பக்கம் நிறையப் பேர். நான் ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரில் செர்ரித் தோப்புகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். இப்போது மொட்டை மாடியில் தொட்டிகளோடு வாழ்பவன். அதனால் இரண்டு பக்கமும் பேச முடியும்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சீக்கிரம் பழுப்பது ஒன்று, குளிர் குறைவாகக் கேட்பது இன்னொன்று. முதலாவது, பூ மலர்ந்த பிறகு பழம் முதிர எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கு. ஏர்லி ரிவர்ஸ் போன்ற ரகங்களுக்கு ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் போதும். பின்பருவ ரகங்கள் மூன்று மாதம் வரைகூட எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, பூ மலர்வதற்கு முன்னால் மரம் எவ்வளவு குளிரைக் கடந்து வரவேண்டும் என்ற கணக்கு. இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஜூன் நடுவில் பழுக்கிற மரமும் ஜூலைக் கடைசியில் பழுக்கிற மரமும் குளிர்காலம் முழுக்க ஒரே பனியில்தான் நின்றிருக்கும்.

செர்ரியின் பூமொட்டு முந்தைய கோடையிலேயே கிளையில் உருவாகிவிடுகிறது. இலை உதிர்ந்த பிறகு அது உறக்கநிலைக்குப் போகும். போதுமான குளிர் சேர்ந்தால்தான் அந்த உறக்கம் கலையும். இனிப்புச் செர்ரி ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 700 முதல் 1,200 மணி நேரம் தேவை. 1974இல் அமெரிக்காவின் யூட்டாவில் இதற்கு ஒரு மதிப்பெண் முறையே வகுத்தார்கள். 2.5 முதல் 9.1 டிகிரி வரை இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1 மதிப்பெண். 16 டிகிரிக்கு மேல் போனால், சேர்ந்த மதிப்பெண்ணில் கழிக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். சாதாரண ஜனவரி விடியற்காலையில் சுமார் 21 டிகிரி இருக்கும். மார்கழிக் குளிர் என்று நாம் போர்த்திக்கொள்கிற நேரத்திலும் செர்ரி மொட்டுக்குக் கழித்தல் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் பழுக்கிற திறமையைக் காட்ட அந்த மரத்துக்கு வாய்ப்பே வராது, ஏனென்றால் பந்தயம் தொடங்குகிற கோட்டுக்கே அது வந்து சேர்வதில்லை.

நீலகிரியும் கொடைக்கானலும் குளிர்ப் பிரதேசம்தானே என்று கேட்பீர்கள். அங்கே பிளம்ஸ், பீச், பேரி வருகின்றன. குளிர் கொஞ்சமாகக் கேட்கிற ரகங்கள் அவை. ஊட்டியில் ஜனவரி இரவில் உறைபனி விழும், ஆனால் பகலில் 20 டிகிரியைத் தொட்டுவிடும். இரவில் சேர்ந்ததைப் பகல் வெயில் தின்றுவிடுகிறது. நம் மலைகளில் செர்ரி ஒரு பயிராக நிலைக்காததற்கு இது பெரிய காரணம். கலிபோர்னியாவில் உருவாக்கிய 'மின்னி ராயல்', 'ராயல் லீ' என்ற ரகங்கள் மிகக் குறைந்த குளிரில் காய்க்கும் என்று விற்கிறார்கள். அவற்றுக்கும் சில நூறு மணி நேரம் தேவை. சென்னையில் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது.

தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் போதும் என்று வீடியோ போடுகிறவர்களை நம்பாதீர்கள். குளிரை உணர வேண்டியது கிளையில் இருக்கும் மொட்டு. வேரைக் குளிர வைத்து மொட்டை 30 டிகிரியில் நிறுத்தினால் ஒரு பயனும் இல்லை. கடையில் வாங்கிய செர்ரியின் கொட்டையை ஈரத் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் மூன்று மாதம் வைத்தால் முளைப்பது உண்மைதான். முளைக்கும், செடியாகும், அதோடு சரி. அதுவும் தாய் மரத்தின் ரகமாக இருக்காது. செர்ரியில் ரகத்தைக் காப்பாற்ற வழக்கமான வழி ஒட்டுக்கட்டுவதுதான்.

குச்சி கொண்டுவருவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் நடவுக்கான குச்சியை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவருகிற ஒரு குச்சியோடு வைரஸும் பாக்டீரியாவும் வரலாம். காஷ்மீரிலும் இமாச்சலிலும் பல ஆயிரம் குடும்பங்கள் பழமரங்களை நம்பிப் பிழைக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆனாலும் உங்கள் அத்தை வீட்டு மரம் சாதாரண மரம் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டம் சாப்ரிட்ஜ்வொர்த்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் நடத்திய நாற்றங்காலில், 19ஆம் நூற்றாண்டில் பிறந்த ரகம் அது. உலகம் முழுக்கப் பெயர் பெற்ற 'கான்ஃபரன்ஸ்' பேரிக்காயும் அதே நாற்றங்காலிலிருந்து வந்ததுதான். ஏர்லி ரிவர்ஸின் பழம் கிட்டத்தட்டக் கறுப்பு, சதை மிருது, கொட்டை சின்னது. அது 'ஏர்லி பர்ப்பிள்' என்ற இன்னும் பழைய ரகத்தின் விதையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் தாய் ரகத்தை பிரெஞ்சுக்காரர்கள் 'கின்யே பூர்ப்' என்பார்கள். அதையே காஷ்மீரில் 'அவ்வல் நம்பர்' என்ற பெயரில் வளர்க்கிறார்கள். மே நடுவில் பள்ளத்தாக்கில் முதலில் சிவக்கிற செர்ரி அதுதான். அதற்குப் பிறகுதான் 'மக்மலி', 'மிஸ்ரி', 'டபுள்' எல்லாம் வரிசையாக வரும். உங்கள் அத்தை மரமும் நான் அங்கே பார்த்த மரங்களும் ஒரே வம்சம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

முதலில் பழுக்கிற ரகத்தை அங்குள்ள விவசாயிகள் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்? சந்தைக்கு முதலில் போகிற பழத்துக்கு நல்ல விலை. ஐரோப்பாவில் இன்னொரு லாபமும் உண்டு, காரணம் செர்ரிப் பழ ஈ. அது முட்டையிடத் தொடங்குவதற்குள் சீக்கிர ரகங்கள் பெரும்பாலும் பறித்து முடிந்துவிடும், மருந்தடிக்கிற வேலை மிச்சம். கஷ்டமும் உண்டு. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். ஊரில் வேறு பழம் இல்லாத நேரம் என்பதால் பறவைகள் மொத்தமாக அந்த ஒரு மரத்துக்கே வரும். சதை மிருதுவாக இருப்பதால் தூரப் பயணம் தாங்காது. கோயம்பேட்டுக்கும் பாரிமுனைக்கும் மே கடைசியிலிருந்து வருகிற காஷ்மீர் செர்ரியில் கெட்டியான சதை உள்ள ரகங்களே அதிகம். அவ்வல் நம்பரை அங்கே போய்ச் சாப்பிடுவதுதான் சரி. தோப்பில் காம்போடு கிள்ளிக் கொடுத்ததை அப்படியே வாயில் போட்ட ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அத்தையிடம் மூன்று விஷயங்கள் சொல்லுங்கள். ஏர்லி ரிவர்ஸ் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது, பக்கத்தில் வேறு செர்ரி வேண்டும். அது 'பிளாக் டார்டாரியன்' ஆக இருந்தால் பிரயோஜனம் இல்லை, இரண்டும் ஒரே மகரந்தக் குழு, ஒன்றை ஒன்று ஏற்காது. மரம் நன்றாகப் பூத்தும் காய் நிற்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கவாத்தைக் கோடையில் செய்ய வேண்டும். குளிர்கால ஈரத்தில் வெட்டினால் வெட்டு வாய் வழியாக வெள்ளி இலை நோயும் பாக்டீரியாப் புண்ணும் ஏறும். பறிக்கும்போது காம்போடு பறிக்க வேண்டும், ஆனால் காம்பு முளைத்திருக்கும் குட்டைக் கிளையைப் பிய்த்துவிடக் கூடாது. அடுத்த வருஷத்துப் பூ அதே குட்டைக் கிளையில்தான் வரும்.

இனி திருவொற்றியூருக்கு வருவோம். குளிரை ஒதுக்கி வைத்தாலும் அந்த மண்ணும் தண்ணீரும் செர்ரிக்கு ஆகாது. கடலோரம் மணல், பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. இன்னும் வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எழுதிவரும் விஷயம். உள்பக்கம் வியாசர்பாடி, கொடுங்கையூரில் களிமண். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இங்கே தண்ணீர் எத்தனை நாள் தேங்கி நின்றது என்பது உங்களுக்கும் தெரியும். செர்ரி வேர் அப்படித் தேங்கின நீரில் அழுகிவிடும்.

உங்கள் ஆசை செர்ரி போலச் சிவந்த, வீட்டிலேயே பறித்துச் சாப்பிடுகிற பழம் என்றால் நான் சொல்வது பார்படோஸ் செர்ரி. நம் நர்சரிகளில் வெஸ்ட் இண்டியன் செர்ரி என்றும் சொல்வார்கள். குடும்பம் வேறு, உண்மையான செர்ரிக்குச் சொந்தமே இல்லை. ஆனால் நீங்கள் தேடுகிற வேகம் இதில் இருக்கிறது. பூத்து சுமார் நான்கு வாரத்தில் பழம். வருஷத்தில் பல தடவை, குறிப்பாக ஒரு நல்ல மழைக்குப் பிறகு பூக்கும். குளிர் ஒரு துளிகூட வேண்டாம். 100 கிராம் பழத்தில் 1,600 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சில் 50 சொச்சம்தான். ருசி புளிப்பும் இனிப்புமாக இருக்கும். காஷ்மீர் செர்ரியின் ருசியை எதிர்பார்க்காதீர்கள், இது தனி ருசி.

விதைக் கன்று வேண்டாம். கிளைத் துண்டை நட்டு வேர்விட வைத்த போத்தோ, கிளையை மண்ணில் பதித்து எடுத்த பதியனோ கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் காய்க்கும். ஒன்றரை அடிக்குக் குறையாத அகலத் தொட்டி, செம்மண்ணும் நன்றாக மக்கிய தொழு உரமும் ஆற்று மணலும், அடியில் தாராளமாக ஓட்டைகள். வேர் முடிச்சு நூற்புழு இதன் பெரிய எதிரி, அதனால் கத்திரி, தக்காளி வளர்த்த பழைய மண்ணை இதற்குப் போடாதீர்கள். கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு கலந்துகொள்ளுங்கள். நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ தண்ணீர், பிடித்து வைத்த மழைநீர், அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் ஆகும். வேர் மேலோட்டமாக ஓடும், புயல் அறிவிப்பு வந்தால் தொட்டியைச் சுவரோரம் நகர்த்திக் கட்டிவிடுங்கள்.

தரையில் இடம் இருந்து நிழலும் வேண்டுமென்றால் தேன்பழ மரம் வைக்கலாம். சில வீடுகளில் சர்க்கரைப்பழம் என்பார்கள், நர்சரியில் சிங்கப்பூர் செர்ரி என்று கேட்டாலும் கொடுப்பார்கள். வறட்சி தாங்கும், ஏழை மண்ணிலும் இரண்டு வருஷத்துக்குள் காய்க்கும். உப்பு மட்டும் ஆகாது, அதனால் கடலோரத் தெருவென்றால் யோசியுங்கள். கிளை மென்மையானது, காற்றுக்கு ஒடியும். உப்பு மண்ணில் நிச்சயமாக நிற்க வேண்டும் என்றால் களாக்காய். பேக்கரி கேக்கின் மேல் வைக்கிற சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். முள் இருக்கும், குழந்தைகள் ஓடுகிற பக்கம் நடாதீர்கள்.

கடைசியாக, பார்படோஸ் செர்ரியில் பூ கொத்துக்கொத்தாக வந்தும் நிறைய உதிர்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அதன் சொந்த ஊரில் பூவின் எண்ணெயைத் தேடி வருகிற தனி வகைத் தேனீக்கள் மகரந்தம் சேர்க்கின்றன. நம் மாடியில் அவை கிடையாது. முடிந்தால் வேறு வேறு தாய்ச் செடியிலிருந்து வந்த இரண்டு கன்றுகள் வாங்குங்கள். காலையில் பூ விரிந்ததும் மெல்லிய தூரிகையால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொட்டுவிடுங்கள். பழம் முழுச் சிவப்பானதும் அன்றைக்கே பறித்துவிடுங்கள், வெளியில் வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். மிச்சமிருந்தால் கொட்டை நீக்கி ஃபிரீசரில் போட்டு வையுங்கள், ஜூஸுக்கு ஆகும்.