வேர்ப்புழு: பெர்முடா தாங்குகிறது, கொரியன் புல் ஏன் தாங்கவில்லை?

கேள்வி: ஓசூர் அருகே ஒரு ஏக்கரில் புல்தரைப் புல் வளர்த்து, மண்ணோடு துண்டுகளாக வெட்டி விற்கிறேன். பாதி பெர்முடா, பாதி கொரியன் புல். இந்த ஆகஸ்டில் கொரியன் பகுதி திட்டுத்திட்டாக மஞ்சளாகிவிட்டது. தோண்டினால் வெள்ளைப் புழுக்கள். பெர்முடாவிலும் அதே புழு இருக்கிறது. ஆனால் புல் பச்சையாக நிற்கிறது. கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து போரேட் குருணை போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: கூடாது. போரேட் 2020 இறுதியிலிருந்து நாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்லில் அதைப் போடுவதை நினைக்கவே மனம் பதறுகிறது.

பெர்முடா நம் அருகம்புல்லின் இனம். அருகுபோல் வேரூன்றி என்று வாழ்த்துகிறோமே, அந்தக் குணம் இதற்கும் உண்டு. மண்ணுக்கு மேலே ஓடும் கொடி, மண்ணுக்குள் ஓடும் தண்டு, ஆழமான வேர் மூன்றும் இருப்பதால், புழு கடித்த வேருக்குப் பதிலாகப் புது வேர் விரைவில் இறங்கிவிடுகிறது. கொரியன் புல்லுக்கும் அடித்தண்டு உண்டு. ஆனால் அதன் வளர்ச்சி மிக மெதுவானது. புழு தின்னும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. இழந்த இடத்தை மூடவும் மாதக்கணக்கில் ஆகும்.

ஆகவே புழு இருக்கிறதா என்பதைவிட, எத்தனை இருக்கிறது, எந்தப் புல்லில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். மஞ்சள் திட்டின் நடுவில் தோண்டாதீர்கள். அங்கே தின்று முடித்துப் புழு நகர்ந்திருக்கும். மஞ்சளும் பச்சையும் சேரும் ஓரத்தில், ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தை மூன்று பக்கம் வெட்டி, பாய்போல் புரட்டி, நான்கு அங்குல ஆழம் வரை மண்ணைக் கிளறி எண்ணுங்கள். எண்ணியதும் புல்லை மூடித் தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். சதுர அடிக்கு 6 முதல் 10 புழு என்பது புல்தரைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நீரும் உரமும் குறையாத பெர்முடா அதற்கு மேலும் தாங்கும். உங்கள் கொரியன் புல்லுக்கு 5 கண்டாலே நடவடிக்கை எடுங்கள்.

ஒரு புழுவைத் தரையில் விட்டும் பாருங்கள். கால்களை மேலே தூக்கிக்கொண்டு முதுகால் நகர்ந்தால் அது மக்கும் எருவைத் தின்னும் வகை. வேருக்கு அதனால் பெரிய கேடில்லை. சி எழுத்துபோல் சுருண்டு பக்கவாட்டில் கிடந்தால் வேர் தின்னிதான்.

பச்சையாக இருக்கிறதே என்று பெர்முடாவை அப்படியே விட்டுவிடவும் கூடாது. வீட்டுப் புல்தரைக்காரருக்கு நிறம் போதும். உங்களுக்கு வேர்தான் சரக்கு. வேர் பின்னல் இல்லாத துண்டு, தூக்கும்போதே உதிர்ந்துவிடும். விற்கும் முன் ஒரு துண்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கொரியன் புல்லில் வேர் குட்டையாகிவிட்டதால் தண்ணீரை ஒரேயடியாக விடாமல் தினம் சிறிது விடுங்கள். ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுங்கள். ஓரத்து எண்ணிக்கை வரம்பைத் தாண்டிய இடங்களில் மட்டும் பூச்சிகளைத் தாக்கும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தையோ நூற்புழுவையோ இடுங்கள். ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழு கோயம்புத்தூரிலிருந்தே முதலில் விவரிக்கப்பட்டது. நம் வெப்பத்துக்குப் பழகியது. மாலையில், ஈர மண்ணில் இட்டு, உடனே மீண்டும் தண்ணீர் விட வேண்டும். வெயில் பட்டால் செத்துவிடும். வேர்ப்புழு பெரிதாகப் பெரிதாக எந்த மருந்துக்கும் அடங்குவது கடினம் என்பதால் நாள் கடத்தாதீர்கள்.

அடுத்த ஆண்டு கோடை மழைக்குப் பின் அந்தி நேரத்தில் இந்தப் புழுக்களின் தாய் வண்டுகள் வேம்பிலும் முருங்கையிலும் வந்து மொய்க்கும். கிளையை உலுக்கி விழுபவற்றை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். மக்காத எருவைப் புல்லுக்குப் போடாதீர்கள்.

கொரியன் பகுதியில் எண்ணிக்கை குறையும்வரை வெட்டி விற்பதை நிறுத்திவையுங்கள். துண்டோடு போகும் மண்ணில் புழுவும் சேர்ந்தே வாங்குபவர் தோட்டத்துக்குப் போய்விடும்.